கறிவேப்பிலை மரம் சொல்லும் காவல் பாடம்

வண்ணத்துப்பூச்சியை அழகுக்கு உவமையாகச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். திருமண அழைப்பிதழின் ஓரத்திலும், குழந்தைகளின் சட்டையிலும், வீட்டுத் திரைச்சீலையிலும் அதன் உருவம் இருக்கிறது. ஆனால் அது வாழும் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்பவருக்கு, அழகுக்கு முன்னால் அதைச் சூழ்ந்திருக்கும் ஆபத்துதான் கண்ணில் படும். கடிக்க அதற்குப் பல்லில்லை, கொட்டக் கொடுக்கில்லை, ஓடி ஒளிய வளையுமில்லை. பறவை, ஓணான், பல்லி, சிலந்தி, கும்பிடுபூச்சி, எறும்பு, குளவி என்று அதற்குப் பகை நாற்புறமும் உண்டு. ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகளில் மிகச் சிலவே இறக்கை விரிக்கும் நாளைக் காண்கின்றன. இவ்வளவுக்கும் நடுவே அந்த இனம் அழியாமல் நிலைத்திருக்கிறது என்றால், அதற்குரிய காவல் எங்கிருந்து வருகிறது?

பிள்ளை வளர்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதன்று. அதனால்தான் கடந்த சில ஆண்டுகளாக எங்கள் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை மரத்தை நான் இவ்வளவு கவனமாகப் பார்த்து வருகிறேன் என்று எண்ணுகிறேன். தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்கள் அமைந்த வேதத்தை ஓதுகிறவர்கள் நாம். சிறிய உயிர்களைப் பார்த்துச் சிந்திப்பது நமக்குப் புதிய பழக்கமன்று.

எங்கள் மரத்துக்கு வரும் வண்ணத்துப்பூச்சிக்குத் தமிழில் 'கறிவேப்பிலை அழகி' என்று பெயர். எலுமிச்சை, நாரத்தை போன்ற மரங்களையும் அது நாடும். முட்டையிட வரும் தாய்ப்பூச்சியை நின்று கவனித்தால் ஒன்றைக் காணலாம். அது ஓர் இலையில் அமர்ந்து, முன்கால்களால் அதைத் தட்டிப் பார்க்கும். பிறகு எழுந்து அடுத்த இலைக்குப் போகும். அதன் கால்களில் சுவையறியும் உணர்வு உண்டு. இலை சரியான இனத்தைச் சேர்ந்ததா, பிள்ளை தின்று வளரத் தக்கதா என்பதைக் காலால் சுவைத்தே அறிந்துகொள்கிறது. மனம் நிறைந்த பிறகு கடுகளவிலும் சிறிய முட்டை ஒன்றை இளந்தளிரில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. முட்டைகளைக் குவித்து வைப்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தனித்தனியே இடுகிறது. ஒன்றைக் கண்டுபிடித்த பகைக்கு மற்றவை எளிதில் அகப்படாமல் இருக்க அது உதவுகிறது.

அவ்வளவுதான் அந்தத் தாயின் பங்கு. அது அடைகாப்பதில்லை, இரை ஊட்டுவதில்லை, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு அது தேடித் தந்த காவல், தேர்ந்தெடுத்த அந்த இலை ஒன்றே.

என் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது இந்தப் புழுக்களை முதலில் கண்டவள் அவள்தான். கண்டாள் என்பதைவிட, கண்டும் ஏமாந்தாள் என்பதே பொருந்தும். தளிரின் மேல் காக்கை எச்சமிட்டிருக்கிறது என்று தண்ணீர் தெளிக்கப் போனவள், எச்சம் நகர்வதைப் பார்த்துக் கூச்சலிட்டாள். முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் தன் முட்டையின் ஓட்டைத் தின்னும். பின்னர் இலையின் நடுவில், எவரும் பார்க்கும்படி வெட்டவெளியில் அமர்ந்திருக்கும். பழுப்பும் வெண்மையும் கலந்த அதன் உடல், ஈரம் காயாத பறவை எச்சத்தைப் போலவே மினுங்கும். பறவை எதையும் தின்னும். தன் எச்சத்தைத் தின்னாது. மறைந்துகொள்ள வலுவில்லாத வயதில், கண்ணில் பட்டும் பொருட்படுத்தப்படாமல் இருப்பதே அதற்குக் காவல்.

புழு நான்கு முறை தோலுரிக்கிறது. உடல் பெருத்த பிறகு எச்சத்தின் வேடம் பொருந்தாது. அவ்வளவு பெரிய எச்சம் கிடையாதல்லவா? ஆகவே கடைசிப் பருவத்தில் அது பச்சை நிறத்துக்கு மாறி இலையோடு இலையாகிவிடுகிறது. தலைக்குப் பின்னால் உடல் புடைத்த இடத்தில் கண் போன்ற இரு புள்ளிகள் தோன்றுகின்றன. சிறு குருவிக்கு அது பாம்பின் தலையை நினைவூட்டக்கூடும். இதையும் மீறித் தொட்டால், கழுத்துப் பகுதியிலிருந்து கவண் போலப் பிளவுபட்ட செந்நிற உறுப்பு ஒன்றை வெளியே நீட்டும். அதிலிருந்து புளித்த நெடி வீசும். எறும்பையும் சிலந்தியையும் விலக்க அந்த நெடி போதும். விரலால் தொட்டுப் பார்த்த என் மகள் அன்று மாலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

என் மாமிக்கு இவற்றின் மேல் பிரியம் கிடையாது. "ஆனத்துக்குக் கிள்ள ஒரு கொத்து இல்லாம எல்லாத்தையும் தின்னு தீர்க்குது, தட்டி விடு புள்ள" என்பார்கள். அவர்கள் நட்டு, அரிசி களைந்த தண்ணீரும் புளித்த மோரும் ஊற்றி வளர்த்த மரம் அது. அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. கடைசியில் பேத்தியே ஒரு சமாதானம் பேசினாள். தெற்குப் பக்கக் கிளை புழுவுக்கு. மற்றதெல்லாம் வாப்பும்மாவின் அடுப்படிக்கு. வழி தவறி வடக்கே போன புழுவை அவளே எடுத்துத் தெற்கே விட வேண்டும். அந்த ஒப்பந்தம் இன்றுவரை எங்கள் வீட்டில் செல்லுபடியாகிறது.

புழு கூட்டுப்புழுவாகும் பருவம் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அப்போது அதனால் நகரவும் முடியாது. நெடி வீசவும் முடியாது. வால் நுனியைக் குச்சியில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழையைக் கச்சை போலக் கட்டிக்கொண்டு அது அசையாமல் இருக்கும். பசுந்தளிர்களின் நடுவே கூடு அமைந்தால் அதன் நிறம் பச்சையாகவும், காய்ந்த குச்சியிலோ சொரசொரப்பான பட்டையிலோ அமைந்தால் பழுப்பாகவும் ஆவதுண்டு. தான் தங்கும் இடத்தை உணர்ந்து தன் நிறத்தை அமைத்துக்கொள்கிறது.

இவ்வளவும் சில சமயம் போதாமல் போகிறது. இருவகைக் கூடுகளையும் என் மகள் தினமும் பள்ளிக்குப் போகுமுன் எண்ணிப் பார்ப்பாள். ஒருநாள் பழுப்புக் கூடு ஒன்றில் ஊசி குத்தியது போல ஒரு துளை. அதற்குள்ளிருந்து கொசுவைவிடச் சிறிய குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடு கட்டிய உடனே, தோல் இறுகுவதற்கு முன்பாகவே வந்து அதனுள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. உள்ளிருந்த உயிரைத் தின்று அவற்றின் குஞ்சுகள் வளர்ந்திருந்தன. மகள் அன்று சாப்பிடவில்லை. "இவ்வளவு செஞ்சும் ஏன் உம்மா?" என்று கேட்டாள். காவல் என்பது நம்மால் இயன்றதைச் செய்வது, முடிவு நம்முடையதன்று என்பதை அந்த வயதுப் பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்வது? மாமிதான் அவளை மடியில் இழுத்து வைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்தபடியே, "ஒட்டகத்தைக் கட்டத்தான் நமக்குச் சொல்லியிருக்கு, கட்டுன கயிறு அறாதுன்னு சொல்லலியே" என்றார்கள். தவக்குல் பற்றிப் பல உரைகளைக் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டது இன்னும் மறக்கவில்லை.

தப்பிய கூடுகளிலிருந்து வந்த பூச்சிகளைப் பார்த்தபோது எங்களுக்கு மற்றொரு வியப்பு காத்திருந்தது. ஆண்பூச்சி கறுப்பு, பின்னிறக்கையில் வெண்புள்ளிகள் ஒரு வரிசையாக இருக்கும். பெண்ணில் மூன்று வகை உண்டு. ஒருவகை ஆணைப் போன்றது. மற்ற இரண்டும் வேறு இரு வண்ணத்துப்பூச்சிகளைப் போன்றவை. அவற்றில் ஒன்றின் சிவப்புப் புள்ளிகளும் வெள்ளைத் திட்டுகளும் 'கிரிம்சன் ரோஸ்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இனத்தை அப்படியே ஒத்திருக்கும்.

ஏன் அந்த வேடம்? கிரிம்சன் ரோஸின் புழு ஆடுதீண்டாப்பாளையையும் அதன் உறவான கொடிகளையும் தின்று வளர்கிறது. கண்டதையெல்லாம் கடிக்கும் ஆடுகூடத் தொடாத செடி என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அந்த நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துவைக்கிறது. இறக்கை முளைத்த பின்னும் அது உடலில் நிற்கிறது. ஒருமுறை தின்று துன்புற்ற பறவை, அந்தச் சிவப்பையும் கறுப்பையும் மறப்பதில்லை. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பூச்சிக்கோ அந்த நஞ்சு இல்லை. அதன் சாயலை மட்டும் அணிந்துகொண்டு, அதன் பேரச்சத்தின் நிழலில் பிழைக்கிறது. உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கிரிம்சன் ரோஸின் உடலே செக்கச் சிவந்தது. கறிவேப்பிலை அழகியின் உடல் கறுப்பு. வேடம் இறக்கையோடு நின்றுவிடுகிறது.

இப்படி நஞ்சற்றது நஞ்சுள்ளதின் சாயலைக் கொள்வதை முதலில் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். 1848 முதல் 1859 வரை அமேசான் காடுகளில் பூச்சிகளைச் சேகரித்துத் திரிந்தவர். 1862இல் தம் கட்டுரையை வெளியிட்டார். பறவைகள் ஏமாந்த அளவுக்கு ஒத்தவை தப்பின, ஒவ்வாதவை இரையாயின, தலைமுறைகள் கடக்கக் கடக்க ஒப்புமை கூர்மையாயிற்று என்பது அவர் கண்ட விளக்கம். அவருடன் அமேசானுக்குப் புறப்பட்டுச் சென்ற ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பின்னர் மலாய்த் தீவுகளில் சேகரித்தவற்றைக் கொண்டு 1865இல் எழுதிய ஆய்வில், வெவ்வேறாகத் தோன்றும் இந்தப் பெண்பூச்சிகள் ஒரே இனத்தவையே என்பதை எடுத்துக்காட்டினார். 2014இல், பெங்களூரில் பணியாற்றும் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள், பெண்பூச்சியின் இந்த முழு வேடத்தையும் 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு ஆள்கிறது என்று கண்டறிந்து வெளியிட்டார்கள். அடுப்படிக்குப் பின்னால் பறக்கும் பூச்சிக்கு இவ்வளவு பெரிய வரலாறு இருப்பதைப் படித்தபோது, சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதில் நுட்பமான ஓர் எல்லையும் உண்டு. மெய்யான நஞ்சுள்ளவை மிகுதியாகவும் வேடமிட்டவை குறைவாகவும் இருக்கும்வரைதான் இந்த உபாயம் பலிக்கும். வேடதாரிகள் பெருகிவிட்டால், பறவை தின்று பார்த்துத் துணிந்துவிடும். பிறகு சிவப்புக்கு மதிப்பிராது. பொய்க்கும் நிற்க ஓர் உண்மை வேண்டியிருக்கிறது.

எங்கள் மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடிகள் உண்டு. அங்கே வாழ்வது வெந்தய வரியன். ஆரஞ்சு நிறம், கறுப்பு விளிம்பு. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்று பிள்ளைகளை நாம் விரட்டுவோம். அதன் புழுவோ எருக்கிலையையே தின்று, இதயத்தைத் தாக்கும் அந்த நஞ்சைச் சேமிக்கிறது. எருக்கின் தூரத்து உறவான செடியைத் தின்னும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியைக் கொண்டு, 1960களில் லிங்கன் பிரோவர் என்ற அமெரிக்க அறிஞர் சோதித்துப் பார்த்தார். அதைத் தின்ற பறவை சற்று நேரத்தில் வாந்தியெடுத்தது. அதன் பிறகு அந்த நிறத்தைப் பார்த்தாலே விலகிப் போனது. வெந்தய வரியனுக்கு அவசரமில்லை. அது மெல்லப் பறக்கும், தன்னைக் காட்டிக்கொண்டே பறக்கும். பழக்கமில்லாத இளம்பறவை கொத்திவிட்டாலும் தாங்கும்படி அதன் தோல் தடித்தது. அதைப் பார்த்துச் சாயல் கொள்ளும் மற்றொரு பெண்பூச்சியும் உண்டு. அதன் புழு தின்பது நாம் சமைக்கும் பருப்புக்கீரையை.

எல்லாப் பூச்சியும் அச்சுறுத்தியே வாழ்வதில்லை. மஃரிபு நேரத்தில் விளக்கொளிக்கு வீட்டினுள் வந்து சுவரில் அமரும் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத் தலைமுறையின் இறக்கைக்கு அடியில் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். கொத்த வருவதன் கவனத்தை உடலிலிருந்து இறக்கை ஓரத்துக்கு அவை திருப்பும். கோடைத் தலைமுறையில் அந்த வட்டங்கள் மங்கிப்போய், இறக்கை சருகாகிவிடும். சருகுகள் நிறைந்த காலத்தில் சருகாயிருப்பதே நலம். அவரைப் பந்தலைச் சுற்றும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னிறக்கையில் மெல்லிய வால்களும் கரும்புள்ளிகளும் உண்டு. அமர்ந்தவுடன் இறக்கையை மேலும் கீழும் தேய்த்து அந்த வால்களை உணர்கொம்பு போல அசைக்கும். தலை எது, வால் எது என்று பல்லி குழம்பும். பின்னிறக்கை கிழிந்தும் உயிரோடு பறக்கும் பூச்சிகளைப் பந்தலில் அடிக்கடி காணலாம். இழந்தது இறக்கையின் ஒரு துண்டு, மிஞ்சியது உயிர்.

பகைக்கும் வேடம் தெரியும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளைப் பூவுக்குள் வெள்ளையாகவே அமர்ந்திருக்கும் நண்டுச் சிலந்தி, தேன் தேடி வரும் பூச்சியைப் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். பூச்சிகளின் வேடத்துக்கு விசாரணை இல்லை. அவை தமக்கு விதிக்கப்பட்டபடி வாழ்கின்றன. நாம் அப்படியல்ல. பூச்சியிடமிருந்து ஏமாற்றைக் கற்க வேண்டியதில்லை. ஏமாறாமல் இருப்பதைக் கற்கலாம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. அந்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, உயிரியல் படிக்க வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள். இரவுப் பேருந்தில் ஏறினால் விடியும்போதுதான் போய்ச் சேர முடியும். எங்கள் குடும்பத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் முதல் பெண் அவள். அவளுடைய வாப்பா ஜித்தாவில் இருக்கிறார்கள். முடிவில் பெரும்பங்கு என் தலையில் விழுந்தது. உறவினர் சிலர் அக்கறையோடு தடுத்தார்கள். சிலர் அக்கறை இல்லாமலும் தடுத்தார்கள். பல இரவுகள் எனக்கும் உறக்கமில்லை. நம் கண்பார்வையில் வைத்திருப்பதைவிடப் பெரிய காவல் உண்டா என்று மனம் திரும்பத் திரும்பக் கேட்டது.

மரத்தைப் பார்த்து நான் கற்றது ஒன்றுதான். ஒரு பருவத்தின் காவல் அடுத்த பருவத்துக்கு உதவாது. எச்சத்தின் வேடத்திலேயே நின்றிருந்தால் வளர்ந்த புழு முதல் நாளே அகப்பட்டிருக்கும். கூட்டுக்குள் அசையாதிருந்தது காவல். இறக்கை முளைத்த பிறகும் அசையாதிருந்தால் அதுவே அழிவு. நான்கு வயதில் அவள் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைத்தேன். பத்து வயதில் யார் தொட்டால் சத்தமிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பதினைந்தில், கைப்பேசியில் இனிக்கப் பேசும் முகமறியாதவர்களைப் பற்றி, அந்த வெள்ளைப் பூவைக் காட்டியே பேசினேன். பதினெட்டில் அவளுக்கு வேண்டியது என் கண்பார்வை அன்று. அவளுக்குள்ளேயே சேர்ந்திருக்க வேண்டியது அது. ஆடுதீண்டாப்பாளையின் சாறு புழுவுக்குள் சேர்ந்து, இறக்கை முளைத்த பின்னும் நிற்பது போல.

எனக்கு மிஞ்சியது இலையைத் தேர்வது. அதைச் செய்தேன். தம்பியை அழைத்துக்கொண்டு கல்லூரிக்கு இரண்டு முறை போனேன். விடுதிக் காப்பாளருடன் உட்கார்ந்து பேசினேன். தொழ இடம் உண்டா, நோன்பு காலத்தில் சஹர் உணவுக்கு வழி உண்டா, இரவில் உடல்நலம் கெட்டால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள் என்றெல்லாம் கேட்டேன். அங்கே படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் தனியாகவும் விசாரித்தேன். முன்கால்களால் தட்டிப் பார்ப்பது என்றால் இதுதான்.

மாமிக்கு இன்னும் முழு மனம் இல்லை. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கடந்த வாரம் வடக்குக் கிளையிலிருந்து கொத்துக் கொத்தாக ஒடித்து, நிழலில் உலர்த்தி, வறுத்துப் பொடித்து ஒரு பெரிய பாட்டிலில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். "விடுதிச் சோறு தொண்டையில இறங்காது, இதைப் போட்டுப் பிசைஞ்சு தின்னச் சொல்லு" என்றார்கள்.

வரும் ஆனி மாதத்தில் உங்களில் பலருடைய வீட்டிலும் ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். போகலாமா, கூடாதா என்ற பேச்சும் நடந்துகொண்டிருக்கும். எல்லாருக்கும் ஒரே விடை பொருந்தாது. இலைக்கு இலை சுவை வேறு. அந்தப் பேச்சில் பிள்ளையின் இன்றைய வயது என்ன, அதற்குரிய காவல் எது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலையைப் பொறுமையாகத் தட்டிப் பாருங்கள். அதற்கு அப்பாற்பட்டதை, நம்மைவிட அந்தப் பிள்ளைகள் மீது இரக்கமுள்ளவனிடம் ஒப்படைப்போம்.